அபிகாயில் திருகிய கூரை

அனகாபுத்தூரில் ஆற்றை ஒட்டிய தெருக்களில் மழை வந்தால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. வாசல்படியைத்தான் பார்ப்பார்கள். தண்ணீர் முதல் படியைத் தொட்டதா, இரண்டாவதுக்கு வந்ததா, வண்டியை எடுத்துக்கொண்டுபோய் மேட்டில் நிறுத்த வேண்டுமா என்பதுதான் பேச்சு. கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அபிகாயிலும் அப்படிப் பார்த்தே பழகியவள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. குரோம்பேட்டையில் ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. கணவர் வில்பிரட் தாம்பரம் பக்கத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தார். பக்கவாதம் வந்து இடது கையும் இடது காலும் விழுந்தபிறகு வேலையை விட்டுவிட்டார். பிசியோதெரபிக்குப் போய்ப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிற அளவுக்குத் தேறியிருந்தார். பேச்சு கொஞ்சம் இழுக்கும். ஒரே மகள் எப்சி பெங்களூரில் வேலையில் இருந்தாள். வீட்டில் இவர்கள் இருவர்தான்.

ஒரு வருஷம் கார்த்திகை மாதத்தில் தண்ணீர் படிகளையெல்லாம் தாண்டி வீட்டுக்குள் வந்துவிட்டது. கட்டிலின் கால் முழுகியது. தெருக்கோடியில் ஒரு மாடி வீடு இருந்தது. எல்லோரும் அங்கே போய்க்கொண்டிருந்தார்கள். வில்பிரட்டால் தண்ணீரில் நடக்க முடியாது. தெருக்காரர்கள் அவரை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியின் காலை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தோளுக்கு மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். தூக்கியவர்களில் ஒருவன் அவரிடம் படித்தவன். "சார், நல்லா புடிச்சுக்கோங்க சார், விட்றாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். நல்ல மனசோடு சொன்னதுதான். வில்பிரட் கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் தண்ணீரில் துழாவிக்கொண்டு வந்த அபிகாயில் அதைப் பார்த்தாள்.

தண்ணீர் வடிந்து வீட்டைக் கழுவி முடித்தபிறகு அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "அந்த நாற்காலியை வெளிய போட்டுடு அபி."

போட்டுவிட்டாள். அன்றைக்கே ஒரு முடிவும் எடுத்துக்கொண்டாள். இனிமேல் இவரை யாரும் தூக்கக்கூடாது. தண்ணீர் வந்தால் நம் வீட்டு மொட்டைமாடியிலேயே இவருக்கு ஓர் அறை இருக்க வேண்டும்.

மாடியில் ஏற்கெனவே ஒரு வசதி இருந்தது. வீட்டை இவர்களுக்கு விற்றவர் என்னவோ பெரிய தொட்டி வைக்கப்போவதாக நினைத்து, இரண்டு ஓரங்களிலும் 'எல்' வடிவத்தில் வளைந்த தடித்த இரும்பு ஆங்கிள்களைத் தூண் நிறுத்திப் போட்டுவைத்திருந்தார். தொட்டி வரவில்லை, ஆங்கிள் மட்டும் துருவேறி நின்றது. சபையில் இவர்களோடு ஆராதனைக்கு வருகிற ஏசுபாதம் ஷீட் கூரை வேலை எடுத்துச் செய்பவர். அவர் வந்து பார்த்துவிட்டு, "இதை எடுக்கவே வேணாம் சிஸ்டர். செம ஸ்ட்ராங்கு. நடுவுல மட்டும் ஸ்கொயர் டியூப் ஓட்டி மேல ஷீட்டை அடிச்சுட்டா முடிஞ்சுது" என்றார். இடுப்பளவுக்குக் கல் சுவர், அதற்கு மேல் ஜன்னல், ஒரு சின்னக் குளியலறை, தலைக்கு மேல் நீலநிற ஷீட். கோடையிலேயே வேலை முடிந்துவிட்டது. மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் கம்பிப் பிடியும் வைத்தாள். வில்பிரட் படியின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாரே தவிர, ஏறவில்லை.

ஆடி மாதம் காற்று ஆரம்பித்தது. முதலில் ஷீட்டின் ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது. புது ஷீட் அப்படித்தான் சத்தம் போடும் என்று ஏசுபாதம் போனில் சொன்னார். பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம், அபிகாயில் சாப்பாடு எடுத்துவைத்துக்கொண்டிருக்கும்போது, மாடியில் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். தொடர்ந்து பக்கத்து வீட்டு மாடியில் டமாலென்று ஏதோ விழுந்தது.

பக்கத்து வீட்டில் காமுவும் அவர் கணவர் சத்யநாராயணனும் இருந்தார்கள். காமு தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அபிகாயில் அங்கே ஓடியபோது அவர் தன் மொட்டைமாடியில் நின்றிருந்தார். அவருடைய துணி காயும் கொடிக்கம்பி அறுந்து தொங்கியது. அதன்மேல் நீல ஷீட் மடங்கிக் கிடந்தது.

"இப்பதான் துணியை எடுத்துண்டு உள்ளே போனேன் அபிகாயில். ஒரு நிமிஷம் தாமதிச்சிருந்தா என் கழுத்து போயிருக்கும்" என்றார். அபிகாயில் "மன்னிச்சிருங்க மாமி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். காமு கீழே இறங்கிப் போய்விட்டார்.

அபிகாயில் தன் மாடிக்கு வந்து ஏணியைச் சாய்த்து ஏறிப் பார்த்தாள். நடுவில் இருந்த மெல்லிய டியூப்களில் போட்ட ஸ்க்ரூக்கள் அப்படியே நின்றிருந்தன; ஷீட்தான் அவற்றைச் சுற்றிக் கிழிந்து போயிருந்தது. ஓரத்தில், தடித்த ஆங்கிளில் போட்டவை வேறு மாதிரி இருந்தன. ஒன்றைத் தொட்டாள், விரலோடு வந்துவிட்டது. அதன் முனை மழுங்கி, தீய்ந்து நீலம் பாரித்திருந்தது. அது இருந்த இடத்தில் ஆங்கிளில் துளையே இல்லை. சின்னதாக ஒரு குழி. குழியைச் சுற்றிலும் சிலிக்கான் பசை. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. இந்தக் கூரையை ஓரத்தில் இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தது வெறும் பசைதான். காற்று முதலில் கை வைப்பதே ஓரத்தில்தானே.

மறுநாள் ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், வேப்பமரத்தடியில் பைக்கை எடுத்துக்கொண்டிருந்த ஏசுபாதத்திடம் அந்த ஸ்க்ரூவை நீட்டினாள்.

"ப்ரதர், இது இறங்கவே இல்ல."

"சிஸ்டர், அது செல்ஃப் டிரில்லிங். தானே ஓட்டை போட்டுக்கிட்டுத் தானே இறங்கிடும். இப்ப எல்லா இடத்துலயும் அதான் போடறோம். நேத்து காத்து அப்படி."

"காத்து ஸ்க்ரூ முனையை எரிக்குமா ப்ரதர்?"

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஏசுபாதத்தின் முகம் சுருங்கியது. "ஆளுங்கள அனுப்பி வைக்கிறேன் சிஸ்டர், சர்ச்சு வாசல்ல எதுக்கு" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

சொன்ன மாதிரி ஆட்களை அனுப்பினார். அவர்கள் புது ஷீட் போட்டு, பழைய குழிகளுக்குப் பக்கத்திலேயே அதே ஸ்க்ரூக்களை வைத்து மெஷினை அழுத்தினார்கள். கீச்சென்ற சத்தமும் புகையும் வந்தன. மேலே தாராளமாகப் பசையை அப்பிவிட்டுக் கிளம்பினார்கள். அபிகாயில் வேலையிலிருந்து வந்து ஏறிப் பார்த்தாள். ஒன்றைப் பிடித்து ஆட்டினாள். வந்துவிட்டது.

சபையில் இரண்டு பேர் அவளைத் தனியே கூப்பிட்டு, ஏசுபாதம் நல்ல மனுஷன், இதைப் பெரிசுபடுத்தாதே என்றார்கள். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். நல்ல மனுஷன்தான். ஆனால் கூரை நிற்கவில்லையே. இனி யாரையும் கூப்பிடுவதில்லை, நானே மாட்டுகிறேன் என்று அவள் முடிவு செய்தது அப்போதுதான்.

பம்மல் மெயின் ரோட்டில் தனக்கோடியின் ஹார்டுவேர்ஸ் கடை. தீய்ந்த ஸ்க்ரூவைக் கண்ணாடிப் பெட்டியின்மேல் வைத்தாள்.

"இத்த எதுல போட்டாங்கக்கா?" என்றார் தனக்கோடி.

"இரும்பு ஆங்கிள்ல."

"இன்னா தடிமன்?"

"அது தெரியலைங்களே. நல்ல தடி."

"தடிமன் தெரியாம வந்து ஸ்க்ரூ கேட்டா நான் இன்னாத்த குடுக்கறது, சொல்லு?" என்று சிரித்துக்கொண்டே இரண்டு டப்பாக்களை இழுத்தார். ஒவ்வொன்றிலிருந்தும் ஒன்றை எடுத்து அவள் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது செல்ஃப் டிரில்லிங். மூஞ்சியில டிரில் பிட்டு மாரியே கீது பாரு. அதுவே குடையும், அதுவே மரை வெட்டிக்கும். இது செல்ஃப் டேப்பிங். இதுக்குக் குடையற மூஞ்சி கிடையாது. ஓட்டைய நாமதான் போட்டுக் குடுக்கணும். உள்ள பூந்து மரை மட்டும் வெட்டிக்கும்."

"ரெண்டுல எது நல்லது?"

"எல்லாரும் இதான் வாங்கிகினு போறாங்க" என்று செல்ஃப் டிரில்லிங்கைத் தட்டினார். "வேலை சீக்கிரம் முடியுது. நல்லது கெட்டது எனக்குத் தெரியாதுக்கா. நான் விக்கிறவன், மாட்டறவன் இல்ல."

அந்த நேர்மை அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டிலும் ஒரு கைப்பிடி வாங்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசைமேல் கொட்டினாள்.

சத்தத்தைக் குறைத்துவைத்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்த வில்பிரட் திரும்பினார். எழுந்து, சுவரைப் பிடித்து மேசைக்கு வந்து உட்கார்ந்தார். வலது கையால் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் ஒரு பொருளை அப்படிப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது.

"வெர்னியர் எங்க?" என்றார்.

பள்ளி நாளிலிருந்து அவர் வைத்திருந்த அந்த அளவுக் கருவியை அலமாரியிலிருந்து எடுத்துக்கொடுத்தாள். அதை வாங்கி அவரே ஸ்க்ரூவின் முனையை அளந்தார். பிறகு அவளிடம் கொடுத்து, மேலே போய் ஆங்கிளையும் டியூபையும் அளந்துவரச் சொன்னார். டியூபின் தகடு இரண்டு மில்லிகூட இல்லை. ஆங்கிள் ஆறு மில்லிக்கும் மேல்.

வில்பிரட் வாயைத் திறந்து, வார்த்தை வருவதற்காகக் காத்திருந்து, மெதுவாகச் சொன்னார். "முனை குட்டை அபி. அஞ்சு மில்லிகூட இல்ல. இது அந்தப் பக்கம் வெளிய வரதுக்குள்ள மரை வந்து மேல்பக்கம் மாட்டிக்குது. முனை மெதுவாத்தான் குடையும். மரைக்கு அவசரம், கிடுகிடுன்னு உள்ள இழுக்கும். ரெண்டும் ஒத்துப்போகாது. ஒண்ணு முனை தீஞ்சு போகும், இல்ல ஸ்க்ரூ ஒடையும்."

"டியூபுல நிக்குதே?"

"அது மெல்லிசு. முனை உடனே வெளிய வந்துடும். அப்புறம்தான் மரைக்கு வேலை."

அவள் மறுபடி தனக்கோடியிடம் போனாள். இந்தத் தடவை தடிமனைச் சொன்னாள். அவர் யோசித்தார். "பெரிய மூக்கு வச்ச செல்ஃப் டிரில்லிங் கீது. பாரிஸ் கார்னர்லேர்ந்து எடுத்தாரணும். ஆனா அதுக்கு மெஷின் ஜாஸ்தி பவரா வோணும், ஆள் மேல நின்னு அழுத்தணும்." வரவழைத்துக் கொடுத்தார். ஏசுபாதத்தின் ஆட்கள் நீளம் குறைக்க வெட்டிப்போட்ட ஆங்கிள் துண்டு ஒன்று மாடியில் கிடந்தது. அதைக் கைப்பிடிச் சுவரில் இறுக்கிக்கட்டி, வீட்டில் இருந்த பழைய டிரில் மெஷினால் அபிகாயில் பரீட்சித்துப் பார்த்தாள். உடம்பின் கனம் முழுவதையும் மெஷின்மேல் போட்டாள். ஸ்க்ரூ கத்தியது, வழுக்கியது, பாதி தூரம் போய் நின்றது. நல்ல கருவியும் நல்ல கனமும் உள்ளவர்கள் போட்டால் அது இறங்கும், சந்தேகமில்லை. ஏணியில் ஒரு காலும் சுவரில் ஒரு காலுமாக நிற்கப்போகிற அவளுக்கு அது ஒத்துவராது.

ஆகவே முடிவாயிற்று. தடித்த ஆங்கிளில் தனியாகத் துளை போட்டு செல்ஃப் டேப்பிங். மெல்லிய டியூபில் செல்ஃப் டிரில்லிங். ஒன்றைவிட ஒன்று உசத்தி என்ற கேள்வியையே அவள் விட்டுவிட்டாள்.

துளை போடுவதும் சொன்ன மாத்திரத்தில் வந்துவிடவில்லை. முதலில் போட்ட துளை பெரிசு. ஸ்க்ரூ பிடிப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்தது சிறிசு, பாதியில் ஸ்க்ரூவின் தலை அறுந்து கையோடு வந்தது. இடையில் உள்ள அளவில் பிட்டு வாங்கி, துளையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, மெதுவாகத் திருகியபோது, இரும்புக்குள் மரை வெட்டிக்கொண்டு போவது உள்ளங்கையில் தெரிந்தது. கடைசியில் ஸ்க்ரூ இறுகி நின்றது. ஸ்பேனரைப் போட்டு எதிர்ப்பக்கம் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. கீழே இறங்கி ஓடிவந்து துண்டை வில்பிரட்டின் முன்னால் வைத்தாள். அவர் அதைக் கையில் வாங்கி, மறுபக்கம் எட்டிப்பார்த்த முனையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை தோறும் வேலை நடந்தது. நடுவில் டியூபில் உறுதியாக நின்ற ஸ்க்ரூக்களை அப்படியே விட்டு, ஷீட்டுகளின் ஓரத்தை மட்டும் பிரித்து மறுபடி மாட்டினாள். சுடிதாரின் துப்பட்டாவைக் கழற்றிவைத்துவிட்டு, வில்பிரட்டின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு ஏறுவாள். இரண்டாவது வாரம் பக்கத்து மாடியிலிருந்து காமு பார்த்துக்கொண்டு நின்றார். ஷீட் விழுந்த நாளிலிருந்து அவர் சரியாகப் பேசுவதில்லை.

"நீயேவா பண்றே?"

"ஆமா மாமி."

"ஆள் கிடைக்கலையா?"

"கிடைச்சாங்க மாமி. அவங்க போட்டுதான் உங்க மேல விழப் பார்த்துச்சு."

காமு கூரையின் பக்கம் பார்த்தார். "அந்த ஷீட்டோட மறுகோடி ஆடறதே, யாராவது பிடிச்சுக்க வேண்டாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கீழே இறங்கினார். கொஞ்ச நேரத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இந்த வீட்டு மாடிப்படியில் ஏறி வந்தார். அதற்குப் பிறகு காமு இல்லாமல் ஒரு ஷீட்டின் ஓரமும் இறுகவில்லை. அடிக்கடி திட்டுவார், இறங்கு என்பார், பிடித்த பிடியை மட்டும் விடமாட்டார்.

காமு ஊரில் இல்லாத ஒரு சனிக்கிழமை, சும்மா இருப்பானேன் என்று துளைகளை மட்டும் போட்டுவைக்க அபிகாயில் தனியாக ஏறினாள். முக்காலிமேல் நின்று ஆங்கிளைக் குடைந்துகொண்டிருந்தாள். பிட்டு மறுபக்கம் வெளிவருகிற கணத்தில் இரும்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. பிட்டு நின்றுவிட்டது, மெஷின் சுற்றியது. அதோடு அவள் மணிக்கட்டையும் முறுக்கிக்கொண்டு போனது. அவள் அலறிக்கொண்டு முக்காலியிலிருந்து தரையில் விழுந்தாள்.

கீழேயிருந்து வில்பிரட் கூப்பிட்டார். "அபி!"

வலியில் அவளுக்கு மூச்சே வரவில்லை. பதில் சொல்ல வாயைத் திறந்தால் சத்தம் எழவில்லை.

"அபி! அபி!"

பிறகு கூப்பிடுவது நின்றுவிட்டது. அதற்குப் பதில் படிக்கட்டில் வேறொரு சத்தம். தொப்பென்று ஒன்று, இழுப்பது போல ஒன்று, நடுவில் மூச்சு வாங்குவது. மறுபடி தொப். மணிக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் மாடிக் கதவையே பார்த்தாள். வெகுநேரம் கழித்து வில்பிரட்டின் முதுகு தெரிந்தது. அவர் படியில் பின்பக்கமாக உட்கார்ந்து, வலது கையால் கம்பியைப் பிடித்து, வலது காலால் உந்தி, ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்தே மேலே வந்திருந்தார். வேட்டி அழுக்காகி, முகமெல்லாம் வியர்வை. திரும்பி அவளைப் பார்த்தார்.

"உயிரோட இருக்கியா?"

"எப்படிங்க வந்தீங்க?"

"உக்காந்து."

"உருண்டு விழுந்திருந்தா?"

"விழலையே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பிசியோதெரபி சொல்லிக்கொடுத்தவர் முன்பே இப்படி ஏறலாம் என்று சொல்லியிருந்தார். குழந்தை மாதிரி தவழ்ந்துகொண்டு போகச் சொல்கிறாரா என்று அன்றைக்கு வில்பிரட்டுக்குக் கோபம் வந்தது. இன்று கோபம் கொள்ள நேரமில்லை.

அவர் மூச்சு திரும்பியதும் தலைக்குமேல் இருந்த ஆங்கிளையும், அதில் மாட்டிக்கொண்டு தொங்கிய மெஷினையும் பார்த்தார். "பிட்டு வெளிய வர நேரத்துலதான் கவ்வும். அப்ப அழுத்தக்கூடாது, வேகத்தைக் குறைக்கணும்" என்றார்.

"இதை இப்ப சொல்லுங்க!" என்று அவள் கத்தினாள்.

மணிக்கட்டு புஸ்ஸென்று வீங்கியது. எலும்பு முறியவில்லை, கட்டுப் போட்டார்கள். மருத்துவமனை மேசையில் ஒற்றைக் கையால் டோக்கன் கொடுத்துக்கொண்டு, மழைக்காலம் நெருங்குகிறதே என்று பதைத்தாள். யாரையாவது வைத்து முடித்துவிடு என்று காமு சொன்னார். எப்சி போனில் அதையே சொன்னாள். முடியாது என்றாள். பிடிவாதம் பாதி, பயம் பாதி. வேறு யார் போட்டாலும் தான் நிம்மதியாக அதன்கீழ் அவரைப் படுக்கவைக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் கை ஓய்வில் இருந்த நாட்களில் வில்பிரட் தினமும் காலையில் உட்கார்ந்தபடியே மாடி ஏறினார். முதலில் நடுவில் நின்று இளைப்பாறினார். பிறகு நிற்காமல் போனார்.

கட்டுப் பிரித்ததும் மீதி ஓரத்தை முடித்தாள். பிட்டு வெளிவரும் நேரத்தில் மெஷினின் விசையை விட்டுவிட்டுத் தொடுகிற மாதிரி வைத்துக்கொள்ளப் பழகினாள். எல்லாம் முடிந்ததும் ஷீட்டின் ஓரத்தில் கயிற்றைக் கட்டி, அவளும் காமுவும் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தார்கள். சத்யநாராயணன் தன் மாடியில் நின்றுகொண்டு, "போதும், போதும், வீடே இந்தப் பக்கம் வந்துடப்போறது" என்று சத்தம் போட்டார்.

மார்கழி பிறப்பதற்கு முன்பே புயல் வந்தது. விடியும்போதே மழை கொட்டியது. காற்று நிலையாக ஒரு பக்கத்திலிருந்து அடிக்காமல் சுழன்று சுழன்று வந்தது. மத்தியானத்துக்குள் தெருவில் வண்டிகள் மிதக்கத் தொடங்கின. வாசலில் உட்கார்ந்திருந்த வில்பிரட் படியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேல்படியில் தண்ணீர் ஏறியதும், "அபி, நான் கிளம்பறேன்" என்றார். மருந்துப் பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, உந்தி உந்தி ஏறிப் போய்விட்டார். அவள் அடுப்பையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். காமுவின் வீடும் தாழ்வு, மாடியில் திறந்தவெளிதான். சுவரைத் தாண்டி இவள் கை கொடுக்க, அவரும் சத்யநாராயணனும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள்.

அறைக்குள் நாலு பேரும் உட்கார்ந்துகொண்டார்கள். மழையின் சத்தத்தில் பேசினால் கேட்காது. ஒரு பெரிய காற்று வந்து கூரையின் அடியில் புகுந்து தூக்கிப் பார்த்தது. ஷீட் முனகியது. எதிர் வரிசையில் யார் வீட்டுக் கூரையோ பிய்ந்து, தாள் மாதிரி புரண்டு, மின்கம்பத்தில் மோதி விழுந்தது. காமு கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். அபிகாயில் எழுந்து ஓரத்து ஆங்கிளில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு நின்றாள். இரும்பு அதிர்ந்தது. ஷீட்டும் அதோடு சேர்ந்து அதிர்ந்தது. ஒன்றைவிட்டு ஒன்று பிரியவில்லை. அடுத்த காற்று வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. அவள் கையை எடுக்கவே இல்லை.

நடுவில் ஓர் இடத்தில் மட்டும் சொட்டியது. அங்கே மெல்லிய டியூபில் ஏசுபாதத்தின் ஆட்கள் போட்ட ஸ்க்ரூ உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் அளவுக்கு மீறி இறுக்கியதில் ரப்பர் வாஷர் நசுங்கிப் பிதுங்கியிருந்தது. நிற்கிறதே என்று அவள் அதைத் தொடாமல் விட்டிருந்தாள். பாத்திரத்தை வைத்துவிட்டு, மழை விட்டதும் மாற்ற வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சாயங்காலம் ஆவதற்குள் தெருவில் ஒரு படகு வந்தது. மீட்புக்கு வந்தவர்கள் கீழேயிருந்து குரல் கொடுத்தார்கள். "மேல யாருன்னா கீறீங்களா? நடக்க முடியாதவங்க கீறாங்கன்னு சொன்னாங்க. வாங்க, தூக்கிக்கறோம்!"

அபிகாயில் வில்பிரட்டைப் பார்த்தாள். அவர் சுவரைப் பிடித்து எழுந்து ஜன்னலுக்குப் போனார். வெளியே தலையை நீட்டி, வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து, உரக்கச் சொன்னார். "இங்க வேணாம்பா! நாங்க நல்லா இருக்கோம்! பின்தெருவுல பச்சை கேட் வீட்டுல கைக்குழந்தை இருக்கு. முதல்ல அங்க போங்க!"

படகு திரும்பியது. அவர் வந்து உட்கார்ந்து, "கஞ்சி இருக்கா?" என்று கேட்டார்.

தண்ணீர் வடிய நாட்களாயிற்று. தெருவில் எத்தனையோ கூரைகள் போயிருந்தன. அவற்றில் சில ஏசுபாதம் போட்டவை. பொங்கல் கழிந்து ஒருநாள் அவர் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தாள். மாடிக்குப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். ஏறி, ஓரமாக நடந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவாக அண்ணாந்து பார்த்தார்.

"ஓட்டை போட்டுட்டு இறக்கினீங்களா சிஸ்டர்?"

"ஆமா ப்ரதர். ஆங்கிள்ல மட்டும்."

"நேரம் புடிக்குமே."

"புடிச்சுது."

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. ஆனால் எதற்கு வந்தாரோ அதைச் சொன்னார். "வண்டலூர்ல ஒரு வேலை வந்திருக்கு. பழைய ஒர்க் ஷாப்பு. தடிச்ச இரும்புச் சேனல் சட்டம் மேல புதுசா ஷீட் போடணும். எது போடறதுன்னு யோசனையா இருக்கு."

"சேனல் எவ்வளவு தடிமன்?"

"அளக்கல."

"ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் நானும் வரேன். அதுவரைக்கும் ஒரு ஸ்க்ரூவும் வாங்காதீங்க" என்றாள்.

போனாள். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, இலந்தை முள்ளும் பழைய டயருமாகக் கிடந்த இடம். வெயில் கொளுத்தியது. ஏசுபாதம் ஏணியைப் பிடித்துக்கொள்ள, சேனலை ஓரிடத்தில் மட்டும் அளந்து திருப்திப்படாமல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அளந்துகொண்டே போனாள். நல்ல வேளை. மழை ஒழுகின பக்கத்தில் துரு தின்று இரும்பு பாதியாகத் தேய்ந்திருந்தது. சுரண்டினால் செதில் செதிலாகக் கொட்டியது.

"இதுல எந்த ஸ்க்ரூவும் நிக்காது ப்ரதர்" என்று மேலிருந்து சொன்னாள். "முதல்ல இந்தத் துண்டை வெட்டி மாத்தணும். வெல்டருக்குப் போன் போடுங்க."

ஏசுபாதம் பெருமூச்சு விட்டுக்கொண்டு போனை எடுத்தார்.